இரண்டு அளவு வளையல்

எலும்பு மருத்துவம் படித்து முடித்துச் சின்ன ஊர்களில் தொழில் தொடங்கப் போகிற தம்பி தங்கைகளே, உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். என் வாழ்நாளில் பார்த்ததிலேயே அழகான எக்ஸ்ரே எதுவோ, அதைக் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் படம் என்னிடம் இல்லை. ஒருமுறை வாய்விட்டுக் கேட்டும் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால் படத்துக்குப் பதிலாக அதன் கதையைச் சொல்கிறேன். கேட்ட பிறகு படம் எங்கே இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் என் ஆஸ்பத்திரி இருந்தது. கால் ஒடிந்தவன் மாடி ஏறி வர வேண்டிய எலும்பு ஆஸ்பத்திரி என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். முந்திரி மரத்திலிருந்து விழுந்தவர்கள், பஸ் படியில் தொங்கி விழுந்தவர்கள், செராமிக் கம்பெனியில் அச்சுக்குள் விரலை விட்டவர்கள், இவர்கள்தான் எனக்குச் சோறு போட்டவர்கள்.

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த பேராசிரியர் திட்டுவதற்கு மட்டுமே வாய் திறப்பார். அவரிடமிருந்து நான் சுமந்து வந்த சொத்து ஒரே ஒரு வாசகம்: "சந்தேகமா இருக்கா, மறுபக்கத்தையும் எடு. நல்ல கை சொல்லும், கெட்ட கைக்கு என்ன ஆச்சுன்னு." இந்த வாசகம் என்னை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது. தொழில் தொடங்கிய புதிதில் நல்லூரிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முழங்கை வீங்கியிருந்தது, படத்தில் எலும்பின் ஓரத்தில் ஒரு கோடு. முறிவு என்று மாவுக்கட்டுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டேன். பேராசிரியரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. மறு கையையும் எடுத்தால், அங்கேயும் அதே இடத்தில் அதே கோடு. குழந்தை வளர்கிற கோடுதான் அது. வெறும் அடியோடு வந்த பிள்ளைக்குக் கட்டுப் போடாமல் மிட்டாய் கொடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்து மறுபக்கத்தை எடுக்காமல் நான் எதையும் முடிவு செய்ததில்லை. நீங்களும் செய்யாதீர்கள். ஆனால் அந்த வாசகமே ஒருமுறை என் காலை வாரிவிடப் பார்த்தது. அதுதான் இந்தக் கதை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்தது. கம்ப்யூட்டரில் படம் வருவதெல்லாம் எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. ஈரம் சொட்டுகிற பிலிமைக் கிளிப்பில் மாட்டித் தூக்கிப் பார்த்த காலம். ஒரு நாள் காலை மூன்று பேர் மாடி ஏறி வந்தார்கள். இருபது வயதுப் பெண் கலையரசி, கல்லூரி மாணவி. அவளுடைய அப்பா, செராமிக் கம்பெனியில் சூளைக்குள் சாமான் அடுக்குகிறவர், வேலையிலிருந்து நேராக வந்ததால் சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி. கூடவே கல்லூரியின் விளையாட்டு ஆசிரியை. மற்ற இருவரும் வாய் திறப்பதற்குள் அந்த ஆசிரியையே பேசி முடித்துவிட்டார்.

"பூப்பந்து ஆடற பொண்ணு சார். வலது கையில மேல வலிக்குதுங்குது. அடுத்த வாரம் செலக்‌ஷன் இருக்குது, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கவர்மென்ட் வேலை. ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க."

"ஊசிக்கடை பக்கத்துத் தெருவுல இருக்குங்க" என்றேன். என் வாய் அப்படி. அந்த அம்மாள் முகம் சுருங்கிவிட்டது.

தொட்டுப் பார்த்தேன். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அழுத்தினால் பல்லைக் கடித்தாள். படம் எடுத்தோம், வழக்கம்போல இரண்டு கைகளும் ஒரே பிலிமில் பக்கத்துப் பக்கத்தில். கழுவி எடுத்த பிலிமை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன். இடது கை எலும்பு ஒல்லியாக, ஒழுங்காக, பாடப்புத்தகத்தில் இருப்பது போல இருந்தது. வலது கை எலும்பின் சுவர் ஏகமாகத் தடித்து, உள்ளே மஜ்ஜை ஓடுகிற குழாய் குறுகிப் போயிருந்தது. இரண்டும் ஒரே பெண்ணுடையவை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இருபது வயது, வலி, எலும்பு தடிப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும், எனக்கும் அதுதான் தோன்றியது. எலும்புக்குள் நாள்பட்ட சீழாக இருக்கலாம். அல்லது, சொல்லவே நாக்கு வராத அது. வெளியூரில் எனக்குத் தெரிந்த பெரிய மருத்துவர் ஒருவருக்குப் போன் செய்தேன். வலது கை இப்படி, இடது கை இயல்பு என்று சொன்னேன். அவரும் நம்மைப் போலப் படித்தவர்தானே, அழைத்து வாருங்கள், எலும்பில் துளை போட்டுக் கொஞ்சம் எடுத்துச் சோதித்துவிடலாம் என்றார். படுக்கையும் ஏற்பாடாகிவிட்டது.

அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"கைய எடுத்துடுவாங்களா டாக்டர்?"

"அதெல்லாம் இப்ப சொல்ல முடியாதுங்க. முதல்ல என்னன்னு பாக்கணும்."

"கைய எடுத்தாக்கூட பரவால்லீங்க. ஆளு இருந்தா போதும்." வெளியூர் போகும்போது கொண்டுபோகச் சொல்லிப் பிலிம் உறையை அவரிடம் நீட்டினேன். வாங்கத் தயங்கினார். "இத வூட்டுக்குள்ள எடுத்துட்டுப் போவ மனசு வரலீங்க. கம்பெனி வாட்ச்மேன் ரூமுல வெச்சிடறேன். அவளுக்குத் தெரிய வேணாம்."

இருபது வயதுப் பெண்ணின் கை. அவளுக்குத் தெரியாமல் அதில் துளை போடுவதா? மறுநாள் முன்கைக்கும் உள்ளங்கைக்கும் படம் எடுக்க அவளை வரச் சொன்னபோது, நானே சொல்லிவிட்டேன். அப்பா வாசலில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவள் அழவில்லை.

"எங்கப்பா நேத்திலேர்ந்து சரியா சாப்புடல சார். என்னமோ இருக்குதுன்னு தெரிஞ்சுது" என்றாள். பிறகு, "செலக்‌ஷனுக்கு அப்புறம் துளை போட முடியாதா?" என்று கேட்டாள். உயிரை விடவும் செலக்‌ஷன்தான் அவள் கண்ணில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக மதிப்பும் வந்தது.

படம் எடுக்க வளையல்களைக் கழற்ற வேண்டும். இரண்டு கையிலும் பச்சைக் கண்ணாடி வளையல்கள். எங்கள் நர்ஸ் எல்லாவற்றையும் வாங்கி ஒரே தட்டில் போட்டுவிட்டார். படம் எடுத்து முடித்தபின், நான் அடுத்த அறையில் பிலிம் காய்வதற்குக் காத்திருந்தேன். கலையரசி பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வளையலாக எடுத்து இன்னொன்றின் மேல் வைத்துப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஒரே பச்சைதானம்மா. எந்தக் கையில போட்டா என்னா?" என்றார் நர்ஸ்.

"இல்லீங்கக்கா, ஏறாது. வலது கைக்கு ரெண்டு ஆறு, இடது கைக்கு ரெண்டு நாலு. எங்க டீம்ல எல்லாருக்கும் அப்படித்தான். கடைவீதியில வளையக்காரரு எங்களப் பாத்தாலே ரெண்டு சைஸும் எடுத்து வெச்சிடுவாரு." சிரித்தாள். "ஸ்டெல்லாவுக்கு மட்டும் மாத்திக் குடுக்கணும்."

நான் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தேன். "யாரும்மா ஸ்டெல்லா? ஏன் மாத்திக் குடுக்கணும்?"

"எங்க டீம்ல லெஃப்ட் ஹேண்டு சார் அவ. அவளுக்கு இடது கைதான் பெரிசு."

"நீங்கள்லாம் எத்தனை வயசுலேர்ந்து ஆடறீங்க?"

"ஆறாங்கிளாஸ்லேர்ந்து. ஸ்டெல்லாவும் நானும் ஒரே ஸ்கூலுதான்."

காய்ந்துகொண்டிருந்த பிலிமை மறந்துவிட்டு வெளியே வந்தேன். பூப்பந்து ஆட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து, ஐந்தைந்து பேர், மண் தரை, தலைக்கு மேலிருந்து இறக்குகிற அடி. விருத்தாசலத்தில் பொழுது சாய்ந்தால் எந்த மைதானத்திலும் அது நடக்கும், நானே நடைப்பயிற்சி போகும் வழியில் நின்று பார்ப்பேன். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு ஆடும் கை எலும்பு தடிக்கும் என்று மாணவப் பருவத்தில் படித்தும் இருக்கிறேன். டென்னிஸ் என்றதும் எங்கோ வெளிநாட்டில் வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் சமாச்சாரம் என்று மூளையின் பின்கட்டில் போட்டுவிட்டேன். செராமிக் கம்பெனிக்காரர் மகளின் கைக்கும் அது பொருந்தும் என்று தோன்றவே இல்லை.

அதுவரை இடது கையை நல்ல கை என்று வைத்துக்கொண்டு வலது கையை நோயாளியாக்கிக் கொண்டிருந்தேன். இந்தப் பெண்ணின் இடது கை நல்ல கை அல்ல, சும்மா இருந்த கை. எட்டு ஒன்பது வருடமாக உழைத்த கையை, சும்மா இருந்த கையோடு ஒப்பிட்டுக் குற்றம் சொன்னால் எப்படி?

ஆனால் இது நான் ஆசைப்பட்டு நம்புவதாகவும் இருக்கலாம். வளையல் அளவை நம்பிச் சோதனையை நிறுத்தி, உள்ளே உண்மையிலேயே கட்டி இருந்துவிட்டால்? அந்த அப்பாவுக்கு யார் பதில் சொல்வது? ஆசிரியைக்குப் போன் போட்டு ஸ்டெல்லாவை அழைத்துவரச் சொன்னேன். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவரை எக்ஸ்ரே எடுப்பது நமக்கு வழக்கமில்லை, எடுக்கவும் கூடாது. அதை ஸ்டெல்லாவிடம் விளக்கி, விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்றேன்.

"கலைக்குன்னா எத்தினி படம் வேணும்னாலும் எடுத்துக்குங்க சார்" என்றாள் அந்தப் பெண். ஒரே ஒரு பிலிம் போதும் என்றேன்.

ஈயக் கவசம் மாட்டிவிட்டு, இரண்டு மேற்கைகளையும் ஒரே பிலிமில் எடுத்தேன். ஈரத்தோடு தூக்கிப் பிடித்தேன். அப்படியே கண்ணாடியில் பார்ப்பது போல! இடது எலும்பு தடித்து, குழாய் குறுகி, தூண் மாதிரி நின்றது. வலது ஒல்லியாக இருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, குறை ஒன்றும் இல்லாத ஒரு பெண்ணின் கை அது.

உடனே பேராசிரியருக்குப் போன் செய்தேன். அப்போது அவர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். பாராட்டுவார் என்று நினைத்து மூச்சுவிடாமல் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுவே முதல் தடவை. அடுத்த நொடி, "தடிப்புக்குப் பதில் கெடைச்சுது. வலிக்கு?" என்றார்.

எனக்கு நெற்றியில் அடித்த மாதிரி இருந்தது. ஸ்டெல்லாவின் எலும்பும் தடிப்புத்தான், ஆனால் அவளுக்கு வலிக்கவில்லையே! பிள்ளைகளே, இந்தக் கதையில் வளையலை மறந்தாலும் இந்தக் கேள்வியை மறக்காதீர்கள். ஒரு சந்தோஷமான விளக்கம் கிடைத்துவிட்டால் மிச்சத்தையெல்லாம் அதிலேயே சுருட்டிக் கட்டப் பார்ப்போம். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கலையரசியிடம் மறுபடி உட்கார்ந்து கேட்டேன். செலக்‌ஷன் வருகிறது என்று ஆசிரியை விடியற்காலையில் தனியாக ஒரு பயிற்சியைச் சேர்த்திருந்தார். அது முழுக்கத் தலைக்கு மேலிருந்து ஓங்கி அடிக்கிற பயிற்சி. அது ஆரம்பித்த பிறகுதான் வலி. ஸ்டெல்லா அந்தப் பயிற்சிக்கு எழுந்திருக்கவே இல்லை, "எனக்குத் தூக்கம் முக்கியம் சார்" என்று வெட்கமில்லாமல் சொன்னாள். வெளியூர் மருத்துவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, துளை போடுவதற்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். சின்ன ஊர் டாக்டர் வளையல் கதை சொல்கிறானே என்று அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. பெரிய மனிதர். "அந்த ரெண்டாவது படத்தையும் குடுத்தனுப்புங்க" என்றார்.

எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், கட்டி இல்லை. எலும்பு அளவுக்கு மீறின பாரத்தால் உள்ளுக்குள் கன்றிப் போயிருந்தது, முறிவதற்கு முந்தைய நிலை. இந்தச் சமயத்தில் துளை போட்டிருந்தால் அங்கேயே ஒடிந்திருக்கும் என்று அவரே போனில் சொன்னார். நான் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னபோது, அவர் "அப்படீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்கும் கண் கலங்கியது, அதில் மறைக்க ஒன்றுமில்லை.

எலும்பைச் செத்த சாமான் என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் பரிதாபமாக இருக்கும். அது தினமும் தன்னை இடித்து இடித்துக் கட்டிக்கொள்கிறது. எந்தப் பக்கம் இழுக்கிறாய், எங்கே பாரம் ஏற்றுகிறாய் என்று கவனித்து அங்கே சுவரைத் தடிப்பாக்குகிறது. அதுவும் வளர்கிற வயதில் தொடங்கியவர்களுக்கு அது கொடுக்கிற கூலி தாராளம். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி மட்டையைப் பிடித்தாள், எலும்பு அவளுடைய ஒவ்வொரு அடியையும் வாங்கி வைத்துக்கொண்டு இருபது வயதில் ஒரு தூணாகக் கொடுத்தது. நம் தொழிலில் எவ்வளவோ தகடும் திருகும் வைக்கிறோம், இவ்வளவு அழகாக ஒன்றை நான் கட்டியதில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் அந்த வீட்டில் தெய்வமாகியிருப்பேன். ஆனால் செலக்‌ஷன் இன்னும் பாக்கி இருந்தது. மூவரையும் உட்கார வைத்து, சில மாதங்களுக்கு மட்டையைத் தொடக் கூடாது என்றேன்.

"கேன்சர் இல்லன்னுதானே சொன்னீங்க? அப்புறம் ஏன் சார் ஆடக் கூடாது?" என்றாள் கலையரசி.

"இப்ப ஓங்கி அடிச்சா எலும்பு முறுக்கிக்கிட்டு நடுவுல ஒடியும்மா."

"இடது கையவிட இது தடி, தூணு மாதிரி இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

கேள்வியில் நியாயம் இருந்தது. "தூணுதான். ஆனா புதுசா ஒரு பாரத்தைத் திடீர்னு ஏத்திட்டீங்க. அதுக்குத் தக்கபடி கட்டறதுக்கு அது டைம் கேக்குது. பூச்சு காயறதுக்குள்ள மாடியில ஏறி ஆடுனா என்ன ஆவும்?"

"ஒரே ஒரு நாள் சார். ஒரு நாள் ஆடிட்டு வந்துடறேன். ஒடியாதுன்னு எழுதிக் குடுங்க." அதுவரை அழாத பெண் அப்போது அழுதாள். ஆட்டத்தால் கிடைக்கிற வேலை, அந்த வீட்டில் முதல் அரசு வேலை. ஆசிரியை என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு மகள் பிழைத்ததே போதும், வேலை எக்கேடு கெட்டுப் போகட்டும் என்றிருந்தது. 

நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஒடியாமல் போயிருக்கவும் கூடும். ஒரு நாள் தாங்கியிருக்கலாம். இன்றுவரை அது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதித் தர முடியாது என்பது மட்டும் தெரிந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். எதிரே இருப்பவர் அழுவார், உங்கள் கையில் பேனா இருக்கும்.

ஸ்டெல்லா செலக்‌ஷனுக்குப் போனாள், வேலையும் கிடைத்தது. அவளை ஜங்ஷனில் ரயிலேற்றிவிடக் கலையரசி போனதாகவும், தோழியின் பெட்டியை இடது கையால் தூக்கிக்கொண்டு நடந்ததாகவும் ஆசிரியை வந்து சொன்னார். வலது கையை நான் சொன்னபடி பத்திரமாக வைத்திருக்கிறாள்! என் மேல் அவ்வளவு கோபத்திலும் சொன்னதை மீறவில்லை. மாதம் ஒருமுறை வருவாள், பெஞ்சில் உட்காருவாள், கையை நீட்டுவாள், போய்விடுவாள். என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கிடையாது. வலி முழுக்கப் போன பிறகு மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக மட்டையைத் தொட அனுமதித்தேன். நான் முதலில் வாய்த்துடுக்காகப் பேசிய அதே ஆசிரியைதான் பக்கத்திலேயே நின்று, இன்றைக்கு இத்தனை அடி போதும் என்று பிடித்து நிறுத்தினார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பெண்ணுக்கும் பயிற்சியைத் திடீரென்று கூட்டியதில்லை. அவரைப் போல ஒரு பாடத்தை உடனே கையில் எடுத்துக்கொண்டவர்கள் நம் தொழிலிலேயே குறைவு.

அடுத்த வருடம் கலையரசி தேர்வானாள். சேதி சொல்ல அவள் வரவில்லை, அப்பாதான் வந்தார். வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம். போனேன். சின்ன ஓட்டு வீடு. வாசலுக்கு அவள்தான் வந்தாள். "வாங்க சார்" என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு நான் அவளிடமிருந்து வாங்கிய முதல் வார்த்தை.

கூடத்து அலமாரி நிறைய அவள் ஜெயித்த கோப்பைகள். அதற்குப் பக்கத்தில் தெருவைப் பார்த்த ஜன்னல். அந்த ஜன்னல் கண்ணாடியில், பொழுது வெளிச்சம் பின்னாலிருந்து விழும்படி, நாலு மூலையிலும் டேப் ஒட்டி அந்த எக்ஸ்ரே பிலிம் இருந்தது. ஒல்லியான எலும்பு ஒன்று, தூண் மாதிரி ஒன்று. வீட்டுக்குள் கொண்டுபோக மனசு வராமல் வாட்ச்மேன் அறையில் கிடந்த அதே படம்.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்த அப்பா பக்கத்தில் வந்தார். "கப்பு எல்லாம் மத்தவங்க குடுத்தது டாக்டர். இது ஒண்ணுதான் அவளே செஞ்சது."

இளம் டாக்டர்களுக்குக் காட்ட உதவும், அந்தப் படத்தை எனக்குத் தர முடியுமா, வேறு பிரதி எடுத்துத் தருகிறேன் என்று கேட்டேன்.

"வேற எது வேணும்னாலும் கேளுங்க, குடுக்கறேன். அத மட்டும் கேக்காதீங்க" என்றார்.

அதனால்தான் இன்று வெறுங்கையோடு வந்திருக்கிறேன். விருத்தாசலம் பக்கம் போனால், ஜன்னலில் எக்ஸ்ரே ஒட்டிய வீடு எது என்று செராமிக் கம்பெனி வாசலில் கேளுங்கள், வழி சொல்வார்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போது போங்கள், அப்போதுதான் படம் நன்றாகத் தெரியும்.